அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல்: அம்மா அப்பாவை ஆங்கிலத்துக்குத் தயார்செய்வது எப்படி

குடியுரிமைத் தேர்வு என்றதும் பலர் பெற்றோருக்கு முதலில் இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார்கள். அது வேண்டாம். அன்றாடப் புழக்கத்தில் உள்ள எளிய ஆங்கிலத்தைப் பேச, படிக்க, எழுதத் தெரிந்தால் போதும் என்கிறது சட்டம். பேசத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை 1906-இல் வந்தது. படிப்பும் எழுத்தும் 1950-இல் சேர்ந்தன. 2025 மார்ச்சில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்று அதிபர் ஆணை வந்ததும், வீட்டில் தமிழ் பேசுவதே பாதகமாகுமோ என்று சிலர் கலங்குகிறார்கள். வீட்டு மொழிக்கு நேர்காணலில் மதிப்பெண் கிடையாது. பேரப்பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசட்டும்.

முதலில் வயதைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் 50 வயதும் கிரீன் கார்டு பெற்று 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் நிறைந்திருந்தால் ஆங்கிலத் தேர்வே இல்லை. அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். விண்ணப்பித்த பிறகு, நேர்காணல் நாளுக்குள் வயது நிறைந்தால் செல்லாது. சில மாதமே குறைகிறது என்றால் பொறுத்து விண்ணப்பியுங்கள். மறதி நோய் போன்ற மருத்துவக் காரணத்தால் கற்க முடியாதவர்களுக்கு விலக்குக் கேட்க மருத்துவர் நிரப்பும் என்-648 படிவம் உண்டு.

படிப்பதும் எழுதுவதும் எளிது. இரண்டிலும் மூன்று வாக்கியம்வரை வாய்ப்பு. ஒன்று சரியானால் போதும். அவற்றுக்கான சொற்பட்டியலைக் குடியுரிமைத் துறையே வெளியிட்டிருக்கிறது. எழுதும்போது பொருள் மாறாத சிறு எழுத்துப்பிழையை மன்னிப்பார்கள், சொல்லைச் சுருக்கி எழுதினால் ஏற்கமாட்டார்கள். தினமும் ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்ல எழுதவையுங்கள்.

சறுக்குவது பேச்சில்தான். அதற்குத் தனியாகத் தேர்வு கிடையாது. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில் உள்ளதைப் பற்றி அதிகாரி கேட்பதே தேர்வு. நம் பெரியவர்கள் புரியாவிட்டாலும் மரியாதைக்காக "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார்கள். "எப்போதாவது அரசிடம் பொய் சொன்னீர்களா" என்ற கேள்விக்கும் அதே "யெஸ்" வந்துவிடும். ஆகவே முதலில் பழக்கவேண்டியது இரண்டு வாக்கியம்: "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்", "ப்ளீஸ் ரிப்பீட்". கேட்டால் அதிகாரி திரும்பச் சொல்வார், வேறு சொற்களிலும் கேட்பார். தலையாட்டாமல் வாய்விட்டுப் பதில் சொல்லவும் பழக்குங்கள்.

பிறகு படிவத்தின் நகலை எடுத்து, கடினமான முப்பது சொற்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரே விளக்கம் கற்பியுங்கள். "ஓத்" என்றால் "சீரியஸ் பிராமிஸ்". "டிப்போர்ட்டட்" என்றால் "கவர்ன்மென்ட் சென்ட் மீ பேக்". "ஓத் என்றால் என்ன?" என்று அதிகாரி நேராகவே கேட்கக்கூடும், தமிழ்ப் பொருள் மட்டும் தெரிந்தவர் அங்கே நின்றுவிடுவார்.

கேள்விகளை வரிசை மாற்றிக் கேளுங்கள். முதலில் எல்லாம் "நோ", கடைசியில் எல்லாம் "யெஸ்" என்று மனப்பாடம் செய்தவர் வரிசை மாறினால் தடுமாறுவார். பதில் உண்மையாகவும் விண்ணப்பத்தில் எழுதியதோடு பொருந்தியும் இருக்கவேண்டும். மகளின் உச்சரிப்புக்கு மட்டும் பழகிய காதுக்கு அதிகாரியின் ஆங்கிலம் அந்நியமாகக் கேட்கும். வாரம் இருமுறை வேறொருவர் குரலில் பயிற்சி வையுங்கள். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளை இதற்கு அருமையான துணை.

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குக் குடிமையியலில் 128 கேள்விகள் கொண்ட பட்டியல். 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 65 வயதும் கிரீன் கார்டோடு 20 ஆண்டும் ஆனவர்கள் அதில் குறிப்பிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். கேட்கும் 10-இல் 6 சரியானால் தேர்ச்சி. ஆளுநர், செனட்டர் பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய வாரம் சரிபாருங்கள்.

தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் மறுதேர்வு. நேர்காணல் நடந்த அன்று மாலையே, மறப்பதற்குள், எந்தக் கேள்வியில் நின்றார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.