40 வயதில் கர்ப்பம், வீட்டில் மட்டும் ஏறிய பிரஷர்

எனக்கு 40 வயது, ஏழாவது மாதம். வயது கூடிய கர்ப்பம் என்பதால் தினமும் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வரச் சொன்னார் டாக்டர். முதல் நாளே மெஷின் 146/92 காட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே 122/78. சிறுநீரில் புரதமும் இல்லை. மறுநாள் வீட்டில் மறுபடி 144/92.

ஊறுகாய், அப்பளத்தை நிறுத்தினேன். பேட்டரி மாற்றினேன். காபி குடித்து அரை மணி கழித்துத்தான் பார்த்தேன். கணவருக்கு அதே மெஷின் சரியாகவே காட்டியதால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. இப்படியே ஒன்பது நாள், மூன்று தடவை ஆட்டோ செலவு.

அப்புறம் மெஷினையே கையோடு எடுத்துப் போனேன். நர்ஸ் அக்கா கையில் சுற்றும் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. டேப்பால் என் மேல்கையை அளந்தார்: 35. பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டுமாம். கணவருக்கு ஒல்லிக் கை, அதான்!

பெரிய பட்டை தனியாகவே கிடைக்கிறது. 22–42 வாங்கி மாட்டினேன்: 124/80. அப்பாடா. ஆஸ்பத்திரி மெஷினோடும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டோம். இனி 140/90 வந்தால் பட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.