ஆக்டிவேட் ஆகிவிட்டது, சரி, லைசென்ஸ் எங்கே? சர்வர் இயங்குதள உரிமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சர்வர் மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டார். நான் போவதற்குள் ரேமை மாற்றியிருந்தார்கள், பவர் சப்ளையை மாற்றியிருந்தார்கள், யூபிஎஸ்காரரைக் கூப்பிட்டுத் திட்டியும் முடித்திருந்தார்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்ததும் காரணம் முகத்தில் அடித்தது: உரிமக் காலம் முடிந்துவிட்டது, இயங்குதளம் நிறுத்தப்படுகிறது. யாரோ சோதித்துப் பார்ப்பதற்கான 180 நாள் இவாலுவேஷன் பதிப்பைப் போட்டுவிட்டு, கீயை, அதாவது உரிமக் குறியீட்டை, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார். விண்டோஸ் சர்வரில் அந்தக் கெடு முடிந்தால் ஏறக்குறைய மணிக்கொருமுறை அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். முறையான கீ கிடைத்தால் மறுபடி இன்ஸ்டால் செய்யாமலே முழுப் பதிப்பாக மாற்றிவிடலாம். ஆனால் அலுவலகக் கணினிகளின் லாகின்களை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராக அந்த சர்வரை ஆக்கியிருந்தால் அப்படி நேராக மாற்ற முடியாது.

இந்தத் தவறாவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மற்றவை வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் ஓடும்.

முதலாவது, 'ஆக்டிவேட்டட்' என்று திரையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஆக்டிவேஷனில் கீ செல்லுமா என்று மட்டும்தான் கணினி பார்க்கிறது. அந்தக் கீயை நீங்கள் இந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது, கணினிக்கு அது தெரியாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சர்வர் கீகளில் பல, ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய வால்யூம் லைசென்ஸிலிருந்தோ டெவலப்பர் சந்தாவிலிருந்தோ கசிந்தவை. டெவலப்பர் சந்தாவில் வரும் கீ சோதனைக்கும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் மட்டும். அதில் வாடிக்கையாளரின் கடையை ஓட்டக்கூடாது. அந்தக் கீ இன்றைக்கு வேலை செய்யும். ஆடிட் என்று ஒரு நாள் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. காசு கொடுத்து, பில்லோடு, நேர்மையாக வாங்கிய விண்டோஸ் சர்வர் லைசென்ஸை வைத்து மற்றவர்களுக்கு விபிஎஸ் (ஒரே சர்வரைப் பிரித்து வாடகைக்கு விடும் மெய்நிகர் சர்வர்) விற்கலாம் என்று பல ரீசெல்லர்கள் நம்புகிறார்கள். முடியாது. கடையில் வாங்கும் லைசென்ஸ் உங்கள் நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்கு. உங்கள் சொந்த வலைத்தளத்தை அதில் தாராளமாக ஓட்டலாம். சர்வரை வாடகைக்கு விடும் தொழில் என்றால் அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் 'ஸ்ப்ளா' என்பார்கள். முன்பணம் கட்டி வாங்குவதில்லை, மாதாமாதம் எவ்வளவு பயன்பட்டது என்று கணக்குக் கொடுத்துப் பணம் கட்டுவது.

இதன் மறுபக்கம் வாடகைக்கு எடுப்பவருக்கு. விண்டோஸோடு சேர்த்து விபிஎஸ் எடுத்தால் அந்த லைசென்ஸ் ஹோஸ்டிங் நிறுவனத்தினுடையது, உங்களுடையது அல்ல. இடத்தைக் காலி செய்யும்போது சர்வரின் முழு இமேஜையும் இறக்கிக்கொண்டு அலுவலகக் கணினியில் ஏற்றினால், டேட்டா உங்களுடையதுதான், விண்டோஸ் உங்களுடையதல்ல. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது மின்விசிறியையும் கழற்றிக்கொண்டு போகிற கதைதான்.

விலை கேட்டு எழுதும்போது நான் ஒரு வரி சேர்ப்பேன்: "விண்டோஸ் லைசென்ஸ் யார் பெயரில், எந்தத் திட்டத்தில்?" போனில் "அதெல்லாம் உள்ளேயே வந்துரும் சார்" என்பார்கள். அதையே மெயிலில் எழுதிக் கேட்டால் பதில் வர இரண்டு நாளாகும். சிலரிடமிருந்து வரவே வராது.

சொந்தமாக சர்வர் வாங்கி வைப்பவர்கள் தடுக்கி விழுவது கோர் கணக்கில், அதாவது ப்ராசஸருக்குள் இருக்கும் செயல் அலகுகளின் கணக்கில். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்பு வரை ப்ராசஸர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கு. 2016 பதிப்பிலிருந்து கோர் எண்ணிக்கை. அதுவும் நிஜமான கோர். ஹைப்பர்த்ரெடிங்கில் இரட்டிப்பாகத் தெரிவதை எண்ண வேண்டாம். ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 என்று வாங்கியாக வேண்டும். 6 கோர் உள்ள சின்ன சர்வராக இருந்தாலும் 16-க்குத்தான் பணம்.

அப்புறம் விஎம் கணக்கு, அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகளின் கணக்கு. ப்ராசஸருக்கு 12 கோர் வீதம் இரண்டு ப்ராசஸர் உள்ள ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் பதிப்பில் 24 கோருக்கு லைசென்ஸ் வாங்கினால் அதில் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். மூன்றாவது வேண்டுமென்றால் பொதுவாக அந்த ஒன்றுக்கு மட்டும் வாங்க முடியாது. 24 கோரையும் இன்னொரு முறை வாங்க வேண்டும். ஆறு விஎம் என்றால் மூன்று சுற்று, 72 கோர். டேட்டாசென்டர் பதிப்பில் 24 கோருக்கு ஒரே முறை கட்டினால் விஎம்முக்கு வரம்பில்லை. 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலை 16 கோருக்கு ஸ்டாண்டர்ட் 1,069 டாலர், டேட்டாசென்டர் 6,155 டாலர். வகுத்துப் பாருங்கள்: பத்து விஎம் வரை ஸ்டாண்டர்ட் மலிவு, பதினொன்றாவது வந்ததும் டேட்டாசென்டர். இரண்டு சர்வர் வைத்து, ஒன்று படுத்தால் விஎம் இன்னொன்றுக்குத் தாவும்படி அமைத்திருந்தால், தாவி வரும் விஎம்களுக்கும் அந்த இரண்டாவது சர்வரில் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒரு சர்வருக்கு ஒதுக்கிய லைசென்ஸைப் பொதுவாக 90 நாளுக்குள் இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது என்பதால், "இங்கே இல்லாதபோது அங்கே இருக்கட்டுமே" என்ற வாதம் எடுபடாது.

இனி சிஏஎல், அதாவது கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ். 'கால்' என்றே உச்சரிப்பார்கள். அது இல்லாமல் சர்வர் நடக்கவும் செய்யும் என்பதுதான் சிக்கலே. சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ வாங்க வேண்டிய அனுமதி இது. பொதுமக்கள் பார்க்கும் வலைத்தளத்துக்கு இது தேவையில்லை. பத்து லட்சம் பேர் வந்தாலும் வேண்டாம். இதை அறியாமல் பயந்து லினக்ஸுக்கு ஓடியவர்களும் உண்டு. ஆனால் அதே சர்வரில் ஊழியர்களுக்கு மட்டுமான இன்ட்ராநெட்டோ ஃபைல் ஷேரோ வைத்தால் விலக்கு போய்விடும்.

ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் நம் ஊரில் அதிகம் மாட்டுகிறார்கள். விபிஎஸ் ஒன்றை எடுத்து, டேலியைப் போட்டு, எட்டு ஊழியர்களையும் அதில் லாகின் செய்ய வைப்பார்கள். விண்டோஸ் சர்வர் இயல்பாகத் தருவது இரண்டு ரிமோட் இணைப்பு, அதுவும் நிர்வாக வேலைக்கு மட்டும். கணக்கு எழுத உட்காரும் ஒவ்வொருவருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் சிஏஎல் தனியாக வேண்டும். சாதாரண சிஏஎல் இதற்குப் போதாது. வாடகை சர்வரில் இதை ஹோஸ்டிங்காரரே ஆள் கணக்கில் மாதக் கட்டணமாகத் தருவார். பல பேர் ரிமோட்டில் நுழைவதற்கான ரோலை (சர்வரின் கூடுதல் வசதி) இன்ஸ்டால் செய்தால் 120 நாள் சலுகை கிடைக்கும். அது முடிந்த மறுநாள் காலையில், பெரும்பாலும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வாரத்தில், யாராலும் உள்ளே போக முடியாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையோ அழித்தால் இன்னொரு 120 நாள் கிடைக்கும் என்று சொல்லித்தர ஆள் இருப்பார்கள். கிடைக்கலாம், உரிமம் மட்டும் கிடைக்காது.

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரை இன்ஸ்டால் செய்யும்போதும் பதிப்பைப் பாருங்கள். டெவலப்பர் பதிப்பு இலவசம், எல்லா வசதியும் உண்டு, ஆனால் நேரடி வணிகத்துக்கு ஆகாது. எக்ஸ்பிரஸ் இலவசம், வணிகத்துக்கும் ஆகும். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது.

இத்தனை தொல்லை எதற்கு, லினக்ஸ் போட்டால் லைசென்ஸே வேண்டாமே என்பார்கள். லினக்ஸுக்கும் லைசென்ஸ் உண்டு, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம். சர்வரில் ஓட்டுவதற்கு அது காசு கேட்பதில்லை, அவ்வளவுதான். ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸைச் சந்தா முறையில் விற்கிறது. டெபியன், உபுன்டு, அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளுக்குக் கட்டணம் இல்லை. இங்கே நடக்கும் தவறு வேறு: கட்டணம் இல்லையென்றால் கெடுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இன்னொரு இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பி மாறியவர்களுக்கு, 2020 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-உடன் சரி. சோம்பேறித்தனமாகப் பழைய 7-லேயே இருந்தவர்களுக்கு 2024 ஜூன் 30 வரை அவகாசம் கிடைத்தது, அதுதான் வேடிக்கை. இன்றைக்கும் சென்ட்ஓஎஸ் 7 ஓடும் சர்வர்களைப் பார்க்கிறேன். புதுப்பிக்கும் கட்டளையான யம் அப்டேட் கொடுத்தால், மென்பொருளை இறக்கித் தரும் மிரர் சர்வர்களின் பட்டியல் முகவரியே கிடைக்கவில்லை என்று எர்ரர் வரும். அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து டிஎன்எஸ்ஸை நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

இயங்குதளம் இலவசம் என்றாலும் பில் பூஜ்யம் ஆகிவிடாது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் 2019-இல் சர்வருக்கு இவ்வளவு என்பதை விட்டு அக்கவுண்டுக்கு இவ்வளவு என்று மாறியது. ஹோஸ்டிங் சர்வர்களுக்கான லினக்ஸ் வகையான கிளவுட்லினக்ஸுக்குத் தனி மாதக் கட்டணம். மூன்று வருடம் முன்பு போன வாடிக்கையாளரின் அக்கவுண்ட் இன்னும் பட்டியலில் இருந்தால் அதற்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த பில் வருவதற்குள் பேக்கப் எடுத்துவிட்டு அதை நீக்கிவிடுங்கள்.