சொன்னதைச் செய்கிற சபைத் தலைவராக இருக்க

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவது, தலைவர்கள் எளிதில் சறுக்கும் இடம். அங்கேயே நின்று, அவர் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் ஜெபித்துவிடுங்கள். மற்ற வாக்குகளை யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள் என்று சிறு நோட்டில் உடனே எழுதி, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். முடியாதென்று தெரிந்தால் தேதிக்கு முன்பே நீங்களே போய்ச் சொல்லுங்கள்; அவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தால் எந்தக் காரணமும் சாக்காகத்தான் படும். மறுக்க மனமில்லாமல் "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றே பேசச் சொல்லும் மத்தேயு 5:37 அதற்கு இடம் தரவில்லை.

காணிக்கையைத் தனியாக எண்ணவே வேண்டாம். ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் எண்ணி, தொகையை எழுதி, எழுந்திருக்கும் முன் கையெழுத்திடட்டும். பவுலே உதவிப் பணத்தைத் தனியாகக் கையாளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரை உடன் வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21).