சங்கனூர் பள்ளத்தில் ஆகாயத்தாமரை அள்ளுபவர்களுக்கு

நொய்யலில் சேரும் கோவை சங்கனூர் பள்ளத்தில், எங்கள் தெருவுக்குப் பின்னால் நூறடி நீளத்தை நாங்கள் ஐந்து பேர் பார்த்துக்கொள்கிறோம்.

ஐப்பசி மழைக்கு முன்பே, பூ விடுமுன் இறங்கிவிடுங்கள். விதை விழுந்தால் சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மேல்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், கீழிருந்து போனால் மிதந்து வருவது ஓயவே ஓயாது. முதல் தடவை அள்ளியதைக் கரையோரமே குவித்தோம். ஒரே மழை, மொத்தமும் திரும்ப உள்ளே!

வேரைத் தண்ணீருக்குள்ளேயே உதறுங்கள். கறுப்புத் தாடி மாதிரித் தொங்கும் அந்த வேரில் நத்தையும் தட்டானின் இளம்புழுவும் ஒட்டியிருக்கும். அந்தப் புழு கொசுப்புழுவைத் தின்னும், நம்ம ஆளு. கையுறை, பூட்ஸ் கட்டாயம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

சரிந்த கரையில் அரையடிக்கு ஒரு வெட்டிவேர் நாற்று. ஜேசிபி வேண்டாம். சாக்கடைக் குழாயைத் திருப்பாதவரை அடுத்த வருஷமும் அள்ளத்தான் வேண்டும். ஆகாயத்தாமரைக்குச் சாக்கடைதான் உரம்.