சின்ன ஆம்பில் பெரிய சத்தம்: பழைய ராக் கிட்டார் ஒலியை வீட்டில் பதிவு செய்வது எப்படி?

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலின் என்றதும் அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் லெஸ் பால் கிட்டாரும், பின்னால் அடுக்கிய மார்ஷல் ஆம்ப்களும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்)தான் நம் கண்முன் வரும். ஆனால் 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவர் பெரும்பாலும் வாசித்தது இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் கொடுத்த 1959 டெலிகாஸ்டர் கிட்டாரை, அதுவும் சுப்ரோ என்ற சின்ன ஆம்பில். மேடையில் பார்ப்பதை வைத்து, அந்த ஒலிக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்று நினைத்துப் பதிவு செய்யும் ஆசையையே விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு கிட்டார், ஒரு சின்ன ஆம்ப், ஒரு மைக், மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும்.

படி 1: ஆம்பைத் திணற விடுங்கள்

1970-ல் மயாமியில் 'லேலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற சின்ன ஆம்ப். ஐந்தாறு வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் தன் சக்தியின் எல்லைக்குப் போகும்போதுதான் ஒலி கரகரத்துத் தடிக்கும்; 100 வாட் ஆம்பை அந்த எல்லைக்கு ஏற்றினால் அறையில் நிற்க முடியாது, சின்ன ஆம்ப் அங்கே சீக்கிரம் போய்விடும். உங்களுடையது வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் வால்யூமை முழுதாக ஏற்றாதீர்கள், கெய்னை (உள்ளே வரும் ஒலியின் பலத்தைக் கூட்டும் குமிழ்) மட்டும் கூட்டுங்கள். பேஸைக் குறையுங்கள், சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்காது.

படி 2: மைக்கை நகர்த்துங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு ஓர் அங்குலம் முன்னால் வையுங்கள். நடுமையத்தில் ஒலி கூர்மையாக இருக்கும், விளிம்புக்குப் போகப் போக மங்கும். அரை அங்குலம் நகர்த்துவது, பத்து விநாடி பதிவு செய்வது, கேட்பது, அப்புறம் மறுபடி நகர்த்துவது என்று பொறுமையாகச் செய்யுங்கள், ஆம்பின் குமிழ்களைத் திருப்புவதைவிட இதில்தான் ஒலி அதிகம் மாறும். பேஜ் இன்னொரு மைக்கைச் சில சமயம் இருபது அடி தள்ளி வைத்து, இரண்டையும் கலந்தார். அந்தப் பிரமாண்டம் அறையிலிருந்து வந்தது. உங்களிடம் ஒரே மைக்தான் என்றால், அதே பகுதியை மைக்கைத் தள்ளி வைத்து இன்னொரு முறை வாசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சு அசலாக அதே விளைவு வராது, ஆனாலும் ஆழம் கிடைக்கும்.

படி 3: ஆம்பே இல்லாமல்

பீட்டில்ஸ் 1968-ல் 'ரெவல்யூஷன்' பாடலின் கிட்டார்களை நேராக மிக்ஸர் மேசையில் செருகி, இரண்டு ப்ரீஆம்ப்களை (மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் சுற்றுகள்) ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து அளவுக்கு மீறி ஏற்றினார்கள். நீங்களும் கிட்டாரை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகலாம், ஆனால் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவே கூடாது, ஏனென்றால் டிஜிட்டலில் வெட்டுப்படும் ஒலி காதைக் கிழிக்கும். அளவாகப் பதிவு செய்துவிட்டு, பதிவு மென்பொருளில் இரண்டு ப்ரீஆம்ப் ப்ளக்இன்களை (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்கள்) வரிசையாகப் போட்டு இரண்டிலும் கெய்னை ஏற்றுங்கள்.

படி 4: போனையும் விடாதீர்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாடலில் எலக்ட்ரிக் கிட்டாரே இல்லை. கீத் ரிச்சர்ட்ஸ் அக்கூஸ்டிக்கை ஒரு பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டரில் பதிவாகித் திணறும்படி வாசித்தார், அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்தார்கள். நீங்கள் போனை அக்கூஸ்டிக்குக்குப் பக்கத்தில் வைத்து பலமாக வாசியுங்கள். அந்தப் பதிவை ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கால் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி, அதை வாக்ஸ் ஏசி30 ஆம்போடு இணைத்தார். இதைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் செருகவே கூடாது, கருவி எரிந்துபோகும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டவும் கூடாது.

படி 5: இரண்டு முறை வாசியுங்கள்

ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் இசைத் துணுக்கு) தனித்தனியாக இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். காப்பி எடுத்து ஒட்டினால் அகலம் வராது, கை வாசிக்கும் சின்னச் சின்ன வித்தியாசத்தில்தான் அது வரும். அப்புறம் கெய்னைக் கொஞ்சம் குறைத்து இன்னொரு முறை முயன்று பாருங்கள்.