கடவுளை நம்பாத நண்பரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது

கடவுள் பேச்சு வந்ததும் முகம் இறுகுவது பெரும்பாலும் ஒரே சந்தேகத்தால்தான்: ‘இவர் என்னை மாற்றப் பார்க்கிறாரோ?’ அந்த எண்ணம் எழாதபடி பேசினாலே பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “காலையில பிரார்த்தனைக்குப் போனேன், மத்தியானம் நல்லாத் தூங்கினேன்” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். “உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, ஆனா…” என்ற பீடிகை வேண்டவே வேண்டாம். அது கேட்பவரை எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிடும்.

“நிஜமாவே நம்புறியா?” என்று கேட்டால் இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். “கஷ்டமான நேரத்துல எனக்கு அது தைரியம் கொடுக்குது” என்பது உங்கள் அனுபவம். அதோடு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். “அதனால கடவுள் இருக்கார்” என்று அடுத்த அடி வைத்தால் அது வாதம். ஆதாரம் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். நாலு பேர் நடுவில் இந்தக் கேள்வி வந்தால், “தனியாப் பேசுவோம்” என்று தள்ளிவைப்பது நல்லது. கூட்டத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நம்பாதவர்கள் எல்லோரும் ஒரே ரகமும் இல்லை. கடவுள் இல்லை என்பவர் நாத்திகர். அறிய முடியாது என்பவர்களுக்காக 1869இல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை உருவாக்கினார். அந்தக் கேள்வியே எழாதவர்களும் உண்டு. மதத்தால் காயப்பட்டு விலகியவரிடம் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். “எல்லாரும் அப்படி இல்ல” என்று குறுக்கே விழாதீர்கள்.

பெரிய தவறு நடப்பது நோயிலும் சாவிலும்தான். “எல்லாம் கடவுள் சித்தம்” என்பது நம்பாதவர் காதில் அவருடைய இழப்பைச் சின்னதாக்குவதுபோல் விழும். “ராத்திரி ஆஸ்பத்திரியில யார் இருக்கா? நான் வரட்டுமா?” என்று கேளுங்கள். அவருக்காக வேண்டிக்கொள்வதை உங்களோடு வைத்துக்கொள்ளலாம், சொல்லியே ஆகவேண்டும் என்றால், “வேண்டிக்கிட்டா உனக்குச் சங்கடமா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பேச்சு எல்லை மீறிப் போயிருந்தால் மறுநாளே, “நேத்து நானே பேசிட்டு இருந்தேன், நீ சொல்ல வந்ததைக் கேக்கல” என்று ஒரு வரி சொல்லுங்கள். பழைய வாதத்தை அதோடு மறுபடி ஆரம்பிக்காதீர்கள்.