லினக்ஸ்ல சொந்த மெயில் சர்வர்: புதுசா ஆரம்பிக்கிறவங்க எதை எடுக்கலாம்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துறவங்க, டீ ஃபேக்டரி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கற பசங்க நிறைய பேர் கேக்கறது இதுதான்: சொந்த டொமைன்ல மெயில் வேணும், லினக்ஸ் ஓரளவு தெரியும், எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

சாஃப்ட்வேருக்கு முன்னாடி இடத்தை முடிவு பண்ணுங்க. வீட்டுல இருக்கற பழைய பிசி வேண்டாம். ஜூலை மழையில கூடலூர் ரோட்டுல மரம் சாஞ்சா கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது, சரி அதைக்கூட சமாளிச்சிடலாம், ஏன்னா நமக்கு மெயில் அனுப்பற சர்வர் விடாம மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், போஸ்ட்ஃபிக்ஸ்ங்கற மெயில் சாஃப்ட்வேர்னா எதையும் மாத்தாம விட்டாலே 5 நாள் வரைக்கும் க்யூல வச்சிருக்கும். ஆனா வீட்டு கனெக்ஷன்ல ஐபி மாறிட்டே இருக்கும், மெயில் சர்வர்கள் ஒண்ணுக்கொண்ணு பேசற 25-ஆம் போர்ட்டை பெரும்பாலும் அடைச்சிருப்பாங்க, இந்த ஐபி எந்தப் பேருக்குன்னு சொல்ற பிடிஆர் ரெக்கார்டும் நம்ம கையில இருக்காது. இதெல்லாம் சரியில்லைன்னா நம்ம மெயிலை ஜிமெயில் திருப்பி அனுப்பிடும், இல்ல ஸ்பாம்ல தள்ளிடும்.

அதனால விபிஎஸ்தான், அதாவது மாச வாடகைக்கு எடுக்கற சர்வர். காசு கட்டறதுக்கு முன்னாடியே சப்போர்ட்டுக்கு எழுதி ரெண்டு விஷயம் கேட்டுடுங்க: 25-ஆம் போர்ட்ல வெளிய மெயில் போக விடுவீங்களா, பிடிஆர் நானே வச்சுக்கலாமா. ஒண்ணுக்கு இல்லைன்னாலும் வேற ஆளைப் பாருங்க.

இப்ப சாஃப்ட்வேர். மெயிலை அனுப்பி வாங்கறது போஸ்ட்ஃபிக்ஸ், இன்பாக்ஸை போனுக்கு காட்டறது டவ்காட், ஸ்பாம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, இதையெல்லாம் தனித்தனியா போட்டு நாமளே கோர்க்கலாம், கத்துக்க அருமையான வழி, ஆனா முதல் சர்வரே ஆபீஸ் மெயிலுக்குன்னா அப்படி ஆரம்பிக்காதீங்க. பழைய மெயில் சாஃப்ட்வேரான சென்ட்மெயில் பக்கமே போக வேண்டாம், அதோட கான்ஃபிக் புதுசா வர்றவங்களுக்கு ஆகாது.

என் சாய்ஸ் மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில் சர்வருக்கு வேண்டியதை எல்லாம் ஒண்ணா கட்டித் தர்ற தொகுப்பு. உபுண்டு 22.04 புதுசா போட்ட மெஷின், 1 ஜிபி ராம், ஒரே ஒரு ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். வெப்மெயில், எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட், டொமைன் ரெக்கார்டுகளை வச்சிருக்கற டிஎன்எஸ் எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்டேட்டஸ் செக் பக்கம், பிடிஆர் தப்பா இருக்கு, இந்த ரெக்கார்ட் வரலைன்னு ஒவ்வொண்ணா சிவப்புல காட்டும், சரி பண்ணப் பண்ண பச்சையாகும், மெயில் எப்படி வேலை செய்யுதுன்னே அதைப் பாத்து புரிஞ்சுக்கலாம். ஆனா மெஷின் முழுக்க அதுக்கே வேணும், ஏற்கனவே உங்க புக்கிங் சைட் ஓடற சர்வர்ல கண்டிப்பா போடாதீங்க.

டாக்கர் (சாஃப்ட்வேரை தனித்தனி பெட்டியா ஓட்டற முறை) பழக்கம் இருந்தா மெயில்கவ்ங்கற தொகுப்பு நல்லா இருக்கும், அட்மின் ஸ்கிரீன் அழகு, ஆனா குறைஞ்சது 6 ஜிபி ராம் கேக்கும், மாச வாடகை ஏறும். இதே மாதிரி இன்னொரு தொகுப்பான ஐரெட்மெயில்ல உபுண்டுதான்னு கட்டாயம் இல்ல, டெபியன்லயும் ஓடும்.

எதைப் போட்டாலும் முதல்ல உங்க ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, அதை கம்ப்யூட்டர்ல திறந்து, மூணு புள்ளி மெனுல ஷோ ஒரிஜினல் அழுத்துங்க. மெயில் நிஜமாவே உங்க டொமைன்ல இருந்துதான் வந்துச்சான்னு பாக்கற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுக்கும் பாஸ்னு வரணும். வந்தாலும் புது ஐபிங்கறதால உடனே நூறு பேருக்கு ரேட் கார்டு அனுப்பாம, தெரிஞ்சவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி பழக்குங்க, அவங்களைப் பதில் போடச் சொல்லுங்க. பேக்கப்பை வேற இடத்துக்குப் போற மாதிரி அன்னைக்கே செட் பண்ணிடுங்க.